துத்தநாகமும் என் மறதியும்

ஆறேழு மாதமாக ஏன் எழுதவில்லை என்று சிலர் போனில் விசாரித்தீர்கள். காரணம் என் கால்கள். பாதம் இரண்டும் மதமதத்துப் போய், இருட்டில் நடந்தால் தள்ளாடி, மாடிப்படியில் கைப்பிடியை விடவே முடியாத நிலைக்கு வந்துவிட்டேன். சர்க்கரை இல்லை, குடி இல்லை, அடிபடவும் இல்லை. அந்தக் கால்களைக் கெடுத்தது நானேதான். வெட்கமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன். என் வயதுக்காரர்கள் பலர் வீட்டு அலமாரியில் இதே மாத்திரை அட்டை இருக்கும்.

என் சொந்த ஊர் ரஞ்சன்குடி என்பது உங்களுக்குத் தெரியும். திருச்சியிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில், பெரம்பலூர் தாண்டி மங்களமேடு வரும்போது கிழக்கே ஒரு கோட்டை தெரியுமே, அதுதான். கர்நாடக நவாபின் ஜாகீர்தார் ஒருவர் 17ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1751இல் வாலிகண்டபுரம் சண்டை நடந்தபோது சந்தா சாகிபின் ஆட்களும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு பக்கம், முகமது அலியும் ஆங்கிலேயரும் இன்னொரு பக்கம் என்று இந்தக் கோட்டையைச் சுற்றித்தான் நின்றார்கள். எங்களுக்கு அந்த வரலாறெல்லாம் தெரியாது. கோட்டைமேட்டில் ஏறி விளையாடுவோம். என்னைத் தூக்கி விடுவது அண்ணன். என்னைவிட ஏழு வயது மூத்தவர்.

அந்த அண்ணன் நான்கு வருஷத்துக்கு முன்பு ஒரு நாள், தான் பிறந்த தெருவிலேயே வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார். யாரோ கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார்கள். பிறகு திருச்சிக்கு அழைத்துப் போனோம். ஸ்கேன், கேள்வி பதில் எல்லாம் முடிந்ததும் அல்சைமர் என்றார்கள். காலையில் சாப்பிட்டது அவருக்கு ஞாபகம் இருக்காது. ஆனால் 1960களில் அப்பா பருத்தி மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது, வழியில் அச்சு முறிந்தது, அன்றைக்கு மழை பெய்தது வரை ஒன்றுவிடாமல் சொல்லுவார். இந்தியாவில் அறுபது வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் வகை இருப்பதாக 2023இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. எண்ணாகப் படிப்பது வேறு. சொந்த அண்ணன் உங்களைப் பார்த்து "தம்பி எந்த ஊரு?" என்று கேட்பது வேறு.

அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்தது. ஒரே அப்பா அம்மா, ஒரே சோறு, ஒரே தண்ணீர். அடுத்தது நான்தானே? பைக் சாவியை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடினால்கூட உடம்பு வியர்க்கும். பழைய சக அலுவலர் ஒருவரின் பெயர் வாயில் வராவிட்டால் அன்று ராத்திரி தூக்கம் கிடையாது.

அந்த நேரத்தில்தான் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. மூளை முதுமை அடையாமல் இருக்கத் துத்தநாகம், அதாவது ஜிங்க், சாப்பிடுங்கள் என்று. ஜிங்க் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஏனென்றால் முப்பது வருஷம் நான் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன சொல் அது.

வேளாண்மைத் துறையில் இருந்த காலம் முழுக்க மக்காச்சோளக் காட்டில் நின்று, "ஜிங்க் சல்பேட் போட்டீங்களா?" என்று கேட்டே பொழுது போனது. நம் மாவட்டத்தில் மக்காச்சோளமும் பருத்தியும்தான் பெரிய வெள்ளாமை. துத்தநாகம் குறைந்த நிலத்தில் மக்காச்சோளம் முளைத்து இரண்டு வாரத்தில் குருத்து வெளுத்துவிடும். வெள்ளைக் குருத்து என்றே அதற்குப் பெயர். நெல்லிலும் அப்படித்தான். 1966இல் பந்த்நகரில் ஒய்.எல். நேனே என்ற விஞ்ஞானிதான் நெல்லில் வந்த 'கைரா' நோய்க்குக் கிருமி காரணமில்லை, துத்தநாகக் குறைதான் காரணம் என்று கண்டுபிடித்தார். தமிழ்நாட்டில் எடுத்த மண் மாதிரிகளில் பாதிக்கு மேல் துத்தநாகம் போதாமல்தான் இருக்கிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மண்ணில் துத்தநாகம் இருப்பது வேறு, பயிருக்குக் கிடைப்பது வேறு. சுண்ணாம்பு அதிகமுள்ள கரிசலில் துத்தநாகம் இருந்தாலும் வேரால் எடுக்க முடியாதபடி கட்டுப்பட்டுக் கிடக்கும். டி.ஏ.பி.யை அள்ளிப் போட்டால் அந்த மணிச்சத்தும் துத்தநாகத்தைத் தடுக்கும். அதனால்தான் ஜிங்க் சல்பேட்டை மணிச்சத்து உரத்தோடு கலக்காமல், மணலோடு கலந்து தனியாகத் தூவச் சொல்லுவோம். எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லுவது: "முதல்ல மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்க."

ஒரு பெரியவர் நான் சொன்ன அளவைக் கேட்காமல், இலைவழித் தெளிப்புக் கரைசலை இரண்டு மூன்று மடங்கு காட்டமாகக் கலந்து அடித்துவிட்டார். நூறு லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோதான் கணக்கு. இரண்டாம் நாள் இலையெல்லாம் தீய்ந்து போய் நின்றது. "நல்லதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். அவரைப் பற்றி அலுவலகத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அப்படிச் சிரித்தவன்தான் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று 50 மில்லிகிராம் ஜிங்க் மாத்திரையை இரண்டு வருஷம் விடாமல் விழுங்கினேன். கொரோனா நேரத்தில் எழுதிக் கொடுத்த பழைய சீட்டு வீட்டில் இருந்தது. அதைக் காட்டி வாங்கிக்கொள்வேன். கூடவே எல்லாச் சத்தும் கலந்த மாத்திரை ஒன்று. அதிலும் கொஞ்சம் ஜிங்க்.

ஒரு நாளைக்கு நமக்கு எவ்வளவு தேவை? ஐ.சி.எம்.ஆர். 2020இல் வெளியிட்ட அட்டவணைப்படி ஆணுக்கு 17 மில்லிகிராம், பெண்ணுக்கு 13.2. தாண்டக்கூடாத எல்லை 40. நான் எடுத்துக்கொண்டது 100க்கு மேல்.

முதலில் களைப்பு வந்தது. வயசு என்று நினைத்தேன். பிறகு ரத்தம் குறைவு என்றார்கள். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டேன், ஏறவில்லை. பி12 பார்த்தார்கள், சரியாக இருந்தது. வெள்ளை அணுக்களும் குறைந்தன. அதற்குள் பாதம் மதமதக்க ஆரம்பித்துவிட்டது. செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு நின்றால் சாய்ந்துவிடுவேன். கடைசியாகப் பார்த்த நரம்பியல் மருத்துவர்தான், "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டார்.

"வேற ஒண்ணும் இல்லை டாக்டர். சத்து மாத்திரைதான்."

"அதையும் எடுத்துட்டு வாங்க."

அட்டையைப் பார்த்ததும் ரத்தத்தில் தாமிரம், அதாவது காப்பர், எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க எழுதிக் கொடுத்தார். மிகமிகக் குறைவாக வந்தது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். துத்தநாகம் அதிகமாகப் போனால் சிறுகுடல் சுவரின் அணுக்கள் உலோகங்களைப் பிடித்துவைக்கும் ஒரு புரதத்தை நிறையச் செய்யும். அந்தப் புரதம் துத்தநாகத்தைவிடத் தாமிரத்தை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். குடல் சுவரின் அணுக்கள் சில நாளில் உதிர்ந்து மலத்தோடு போகும்போது அந்தத் தாமிரமும் சேர்ந்து போய்விடும். இப்படி மாதக்கணக்கில் நடந்தால் ரத்தம் ஊறுவது கெடும், முதுகுத்தண்டின் நரம்பும் கெடும். உடம்பில் தாமிரம் தேங்கும் வில்சன் நோய்க்கு இதே துத்தநாகத்தைத்தான் மருந்தாகக் கொடுக்கிறார்கள். பல்செட் ஒட்டும் பசையில் இருந்த துத்தநாகத்தை அளவில்லாமல் பயன்படுத்தி என்னைப்போலவே நடை தளர்ந்தவர்களைப் பற்றி 2008இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "ஏங்க, ஊர்ல இருக்கற காட்டுக்கெல்லாம் மண்ணு டெஸ்ட் எடு, மண்ணு டெஸ்ட் எடுன்னு சொல்லுவீங்களே, உங்களுக்கு எடுத்தீங்களா?"

பதில் இல்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

வீட்டில் உட்கார்ந்த இந்த மாதங்களில், அந்த வாட்ஸ்அப் செய்தி முழுப் பொய்யா என்று தேடித் தேடிப் படித்தேன். முழுப் பொய் இல்லை. அதுதான் அதில் ஆபத்து.

மனிதனுக்குத் துத்தநாகம் குறையும் என்பதையே 1960கள் வரை மருத்துவ உலகம் ஏற்கவில்லை. அதை ஏற்கவைத்தவர் நம் நாட்டுக்காரர், பீகாரின் பக்சரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத். 1958இல் ஈரானின் ஷிராஸ் நகரில் வேலை பார்த்தபோது 21 வயது வாலிபன் ஒருவன் பத்து வயதுப் பையன் போன்ற உடம்போடு வந்தான். அவன் சாப்பாடு பெரும்பாலும் ரொட்டிதான், களிமண்ணும் தின்பான். பிறகு எகிப்தில் அப்படிப்பட்டவர்களை ஆராய்ந்து, குறை துத்தநாகத்தில் இருக்கிறது என்று 1963இல் காட்டினார் பிரசாத். தானியத்தில் இருக்கும் பைட்டேட் என்ற மணிச்சத்துப் பொருள் குடலில் துத்தநாகத்தைக் கட்டிப்போட்டுவிடுகிறது. டி.ஏ.பி. கரிசலில் செய்யும் வேலை மாதிரியேதான்! படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. நாம் இட்லி மாவைப் புளிக்க வைப்பதும், கம்பங்கூழைப் புளிக்க வைப்பதும், பயறை முளைகட்டுவதும் அந்தக் கட்டைக் கொஞ்சம் அவிழ்த்துவிடும் வேலைகள்.

மூளைக்கு வருவோம். மூளையில் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு பகுதி. புதிதாக நடப்பதை ஞாபகமாக ஆக்குவது அதன் வேலை. அல்சைமர் நோய் ஆரம்பத்திலேயே கெடுக்கும் பகுதிகளில் அதுவும் ஒன்று. அண்ணனுக்குப் பருத்தி வண்டி ஞாபகம் இருந்து காலைச் சாப்பாடு மறப்பது அதனால்தான். அந்தப் பகுதியில் சில நரம்பு முனைகள் சின்னச் சின்னப் பைகளில் துத்தநாகத்தைச் சேர்த்து வைத்திருக்கின்றன. நரம்பு செய்தி அனுப்பும்போது அதுவும் கொட்டி, செய்தி அளவு மீறாமல் பிரேக் போடுகிறது. துத்தநாகத்தைப் பைக்குள் ஏற்றும் புரதம் இல்லாமல் வளர்த்த எலிகளை 2010இல் சோதித்தார்கள். மூன்று மாத வயதில் அவற்றின் ஞாபகம் நன்றாக இருந்தது. ஆறு மாதத்தில் தடுமாறிவிட்டது. ஆக, மூளை வயதாவதற்கும் துத்தநாகத்துக்கும் உறவு உண்டு.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. அல்சைமர் நோயாளியின் மூளையில் அமிலாய்டு என்ற புரதம் கட்டி கட்டியாகப் படியும். அந்தப் புரதத்தைத் துத்தநாகமே திரளவைக்கும் என்று 1994இல் காட்டினார்கள். அந்தப் படிவுகளில் துத்தநாகம் நிறைந்தும் கிடக்கிறது. ஒரே உலோகம்தான். பைக்குள் இருந்தால் வேலைக்காரன், வெளியில் தங்கிப்போனால் வம்புக்காரன். அதை உரிய இடத்தில் வைப்பது உடம்பின் வேலை. வாயில் போடும் மாத்திரைக்கு அந்த விலாசம் தெரியாது.

சரி, மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். அமெரிக்காவில் முதியோர் கண்நோய்க்காக ஒரு பெரிய ஆய்வில் நாளுக்கு 80 மில்லிகிராம் துத்தநாகம் கொடுத்தார்கள். விழித்திரை தேய்ந்துகொண்டிருந்தவர்களுக்கு, மற்றச் சத்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது நல்ல பலன் இருந்தது. அதே ஆய்வில் இருந்த 2166 பேரின் ஞாபகசக்தியைச் சுமார் 7 ஆண்டுகள் கழித்து அளந்தார்கள். மாத்திரை சாப்பிட்டவருக்கும் சாப்பிடாதவருக்கும் வித்தியாசம் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த 80 மில்லிகிராமோடு 2 மில்லிகிராம் தாமிரத்தையும் அவர்கள் சேர்த்தே கொடுத்தார்கள். எனக்கு நேர்ந்தது நேரக்கூடாது என்றுதான். எனக்கு வந்த செய்தியில் அந்த ஒரு வரி இல்லை.

அப்படியானால் வயதானவர்களுக்குத் துத்தநாகமே வேண்டாமா? அப்படியும் இல்லை. பல் போய்விட்டால் கறியும் கடலையும் குறைகிறது. வயிற்றெரிச்சல் மாத்திரையும் நீர் பிரிய வைக்கும் மாத்திரையும் துத்தநாகத்தைக் குறைக்கக்கூடும். ருசி தெரியாமல் போவது, புண் ஆறத் தாமதமாவது, அடிக்கடி சளி காய்ச்சல் பிடிப்பது எல்லாம் குறையின் அடையாளமாக இருக்கலாம். பிரசாத்தே பிற்காலத்தில் 55 முதல் 87 வயது வரையுள்ள 50 பேரைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நாளுக்கு 45 மில்லிகிராம் ஒரு வருஷம் கொடுத்தார். அவர்களுக்குத் தொற்றுநோய் குறைந்தது என்று 2007இல் எழுதினார். குறை உள்ளவருக்கு, மருத்துவர் பார்த்து, ஒரு காலக்கெடுவோடு கொடுத்தால் அது மருந்து.

வேளாண்மையில் லீபிக்கின் தொட்டி என்று ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். பல உயரப் பலகைகளால் செய்த மரத்தொட்டியில், எந்தப் பலகை குட்டையோ அதுவரைதான் தண்ணீர் நிற்கும். ஏற்கெனவே உயரமாக இருக்கும் பலகையை இன்னும் உயர்த்தினால் தண்ணீர் ஏறாது. நான் செய்தது அதைவிட மோசம். துத்தநாகப் பலகையை உயர்த்தப் பக்கத்திலிருந்த தாமிரப் பலகையைப் பிடுங்கிக்கொண்டேன்.

மாத்திரையை நிறுத்தி, தாமிரம் கொடுத்து இரண்டு மாதத்தில் ரத்தம் ஏறிவிட்டது. கால் முக்கால்வாசி தேறியிருக்கிறது. மீதி வருமா என்று மருத்துவர் உறுதி சொல்லவில்லை. கைத்தடி பழகிவிட்டது. இப்போது என் துத்தநாகம் சமையலறையிலிருந்துதான் வருகிறது: எள்ளுருண்டை, கொண்டைக்கடலைச் சுண்டல், முட்டை, ஞாயிற்றுக்கிழமை கறி, கம்பங்கூழ்.

மனதை உறுத்துவது வேறொன்று. மறதி நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற, ஆனால் நாம் மாற்றக்கூடிய காரணங்கள் 14 என்று லான்செட் குழு 2024இல் பட்டியலிட்டது. அவற்றையெல்லாம் சரிசெய்ய முடிந்தால் உலகில் 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அவர்கள் கணிப்பு. காது கேளாமை, ரத்த அழுத்தம், சர்க்கரை, தனிமை எல்லாம் அதில் இருக்கின்றன. துத்தநாகம் இல்லை. அண்ணனுக்குப் பத்து வருஷமாகக் காது மந்தம். அண்ணி போன பிறகு பேச்சுத் துணையும் இல்லை. பெரம்பலூரிலிருந்து அரை மணி நேரப் பயணம். நான் மாதம் ஒருமுறை போனால் அதிகம். இரண்டு வருஷம் மாத்திரைக்கு அலாரம் வைத்தவன், அண்ணனைப் பார்க்க வைக்கவில்லை.

இப்போது வாரம் இரண்டு நாள் போகிறேன். காதுக்குக் கருவி வாங்கிக் கொடுத்தோம். நோய் போய்விடாது என்று தெரியும். ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் என் கைத்தடியோடு நானும், என் தோளைப் பிடித்துக்கொண்டு அவருமாகக் கோட்டைப் பக்கம் போவோம். அகழி ஓரம் உட்காருவோம். போன வாரம் மயில் அகவியதைக் கேட்டுவிட்டு, "மயிலு கத்துது, மழை வரும்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, "எப்ப வந்தே?" என்று கேட்டார். அன்றைக்கு ஐந்தாவது முறை.

"இப்பத்தாண்ணே வந்தேன்" என்றேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவை இன்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சத்து மாத்திரைதானே என்று மருத்துவரிடம் சொல்லாமல் விட்டது ஏதாவது இருந்தால், அடுத்த முறை அந்த அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.